12-க்கு 1 ஏற்றத்தில் ஏறிய 2.2 கிலோ நீராவி எஞ்சின்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 2.2 கிலோ எடையுள்ள ஒரு நீராவி எஞ்சின் 600 கிராம் மரப்பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு 3.6 மீட்டர் ஏற்றத்தை 47 விநாடியில் ஏறி முடித்தது. 12 அடி ஓடினால் 1 அடி ஏறும் ஏற்றம். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே நீலகிரி மலை ரயில் ஏறும் அதிகபட்ச ஏற்றமும் அதுதான். எனக்கு இதற்குப் பதினொரு மாதம் ஆனது. ஏறுவது மூன்றாவது மாதமே கைகூடிவிட்டது. சக்கரத்தையும் பல்லையும் பிரிக்கவும், தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் பல் வெட்டிய தண்டுக்குள், அதாவது பல்தண்டுக்குள், எஞ்சினை ஒழுங்காக நுழைய வைக்கவும்தான் மீதி எட்டு மாதமும் போனது.

செய்தது மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினின் அச்சுநகல் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு எட்டு இணைப்புச் சக்கரம், நான்கு சிலிண்டர், நுணுக்கமான வால்வு அமைப்பு எல்லாம் உண்டு. என்னுடையதற்கு நான்கே சக்கரம், ஆடும் சிலிண்டர்கள், ஸ்பிரிட் அடுப்பு. மலை ரயிலிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: சமதளத்தில் சக்கரத்தால் ஓடி, ஏற்றம் வரும்போது நிற்காமல் பல்லைப் பிடித்து ஏற வேண்டும்.

அளவைத் தீர்மானித்தது தண்டவாள இடைவெளி. மலை ரயில் மீட்டர் கேஜ், 1000 மி.மீ. அதை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். மாடல் ரயில்காரர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 45 மி.மீ. அதற்குப் பொருந்திவிட்டது. நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்தண்டுகள் பக்கம் பக்கமாக, 44 மி.மீ. இடைவெளியில் கிடக்கும். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். பல்லுக்குப் பல் 120 மி.மீ., ஒரு தண்டில் 26 பல், நீளம் 3.12 மீட்டர். 120-ஐ 22.5-ஆல் வகுத்தால் 5.33 மி.மீ. அந்த அளவில் பல் வெட்டும் கட்டர் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. அதனால் மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 1.5 எடுத்துக்கொண்டேன். பல்லுக்குப் பல் 4.71 மி.மீ., 26 பல்லுக்கு 122.5 மி.மீ. அளவு கொஞ்சம் சிறியதுதான், ஆனால் பினியனை, அதாவது பல்தண்டில் உருளும் சின்னப் பல்சக்கரத்தை, எந்தப் பல் வெட்டும் பட்டறையிலும் வெட்டி வாங்கலாம். இந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

பல்தண்டுகளை 2 மி.மீ. இரும்புத் தகட்டில் லேசர் வெட்டாக வாங்கினேன். 60 தண்டு, ஒன்று 28 ரூபாய், ஆக 1,680. லேசர் வெட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும். ஒவ்வொரு பல்லையும் ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாக வேண்டும். 60 தண்டுக்கு 1,560 பல். மூன்று வார மாலைப்பொழுது அதற்கே சரியாகிவிட்டது.

தண்டுகளைப் பதிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தண்டுக்குள் பல்லின் அளவு பிசகாது, தண்டும் தண்டும் சேரும் இடத்தில்தான் பிசகும். வெர்னியரை வைத்து அளந்து திருகினால் ஒரு இணைப்பில் 0.2 கூடும், அடுத்ததில் 0.2 குறையும். கடைசியில் அளக்கும் கருவியையே ஓரம் வைத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒரு தண்டிலிருந்து எட்டுப் பல் துண்டை வெட்டி, அதைத் தலைகீழாக இணைப்பின் மேல் அழுத்தினால், நான்கு பல் இந்தப் பக்கமும் நான்கு பல் அந்தப் பக்கமும் உட்காரும். அப்படி அழுத்திப் பிடித்தபடியே திருகை முடுக்கினேன். அதற்குப் பிறகு ஒரு இணைப்பில்கூட பினியன் துள்ளவில்லை.

இரட்டைப் பினியனிலும் இதே பாடம்தான். 20 பல், 30 மி.மீ. விட்டம். இரண்டு பினியனுக்கும் நடுவே அரைப் பல் தள்ளல் வேண்டும். 20 பல் என்றால் ஒரு பல்லுக்கு 18 பாகை, அரைப் பல்லுக்கு 9 பாகை. முதல் தடவை பாகைமானியில் 9 குறித்து, அச்சில் ஒட்டிவிட்டேன். பிசகு ஒரு பாகைதான் இருந்திருக்கும். 15 மி.மீ. ஆரத்தில் ஒரு பாகை என்பது 0.26 மி.மீ. அவ்வளவு போதும், சுமை முழுவதும் ஒரே பல்தண்டின் மேல் விழும். பல்லில் நீல மையைத் தடவி ஓட்டிப் பார்த்தேன், இடது தண்டில் மட்டும் மை அழிந்திருந்தது, வலது தண்டு தொடப்படவே இல்லை. அந்த ஜோடி வீண். புதிய ஜோடியை, பதித்து முடித்த பல்தண்டின் மேலேயே உட்கார வைத்து, அந்த நிலையிலேயே இரண்டையும் சேர்த்துத் துளைத்து 2 மி.மீ. முளை அடித்தேன். பாதைதான் அளவுகோல், பினியன் அதற்குப் பொருந்திக்கொண்டது. நான்கு பினியனுக்கு 1,400 ரூபாய். அதில் 700 அந்த ஒரு பாகைக்குப் போனது.

பாய்லர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 54 மி.மீ. செம்புக் குழாய், சுவர் 1.5 மி.மீ., நீளம் 160. இரண்டு முனைக்கும் 3 மி.மீ. செம்புத் தகட்டை மடித்து வெள்ளிப் பற்றவைப்பு. ஈயப் பற்றை இந்த வேலைக்கு யாரும் தொடக் கூடாது. அடுப்பு எரியும்போது பாய்லரில் தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி ஓடிவிடும். உள்ளே ஒரு தாங்கு கம்பி, வெண்கலத்தில். பித்தளை வெந்நீரில் நாளடைவில் உளுத்துப்போகும். ஓட்டும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ. சோதித்தது 4 கிலோவில், அதுவும் தண்ணீரை முழுக்க நிரப்பி, காற்றே இல்லாமல், கைப்பம்பால். தண்ணீர்ச் சோதனையில் ஒரு பற்று விட்டால் ஒரு சொட்டு கசியும், அவ்வளவுதான். காற்றடைத்துச் சோதித்தால் வெடித்துச் சிதறும். கசிந்தது ஒரே இடம், அழுத்தமானி உட்காரும் புஷ். மறுபடி சூடேற்றிப் பற்றவைத்து, மறுபடி 4 கிலோ, பத்து நிமிடம். முள் அசையவில்லை. வெள்ளிப் பற்றுக் கம்பி 15 கிராமுக்கு 1,200 ரூபாய் ஆனது. குறைத்திருக்க முடியும், ஆனால் இந்த ஒரு இடத்தில் கைவசம் இருந்ததையெல்லாம் தாராளமாகவே ஊற்றினேன்.

இனி என்னை உட்கார வைத்த இடத்துக்கு வருகிறேன்.

முதல் வடிவத்தில் ஒரே ஜோடி சிலிண்டர், துளை 10 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 12. அதிலிருந்து 3-க்கு 1 கியர் வழியாகப் பினியன் அச்சு. சக்கரத்தையும் அதே அச்சிலேயே மாட்டிவிட்டேன். சக்கரம் 30 மி.மீ., பினியனும் 30 மி.மீ., ஒன்றாகச் சுற்றட்டும் என்று நினைத்தேன். ஏற்றத்தில் தூக்கி வைத்தால் ஏறியது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. சமதளத்தில் வைத்தாலும் ஓடியது. ஆனால் ஏற்றத்தில் நான்கு தடவை ஓடியதுமே தண்டவாளத்தின் மேல் கரிப்பொடி மாதிரி ஒரு கோடு. விரலால் தொட்டால் உலோகத் தூள். எஞ்சினும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகியது.

சக்கரத்தை அளந்தேன். லேத்தில் கடைந்ததில் 30.6 வந்திருந்தது. ஒரு சுற்றுக்குச் சக்கரம் 96.1 மி.மீ. ஓடப் பார்க்கிறது, பினியன் 94.2-க்கு மேல் விடாது. இரண்டு மி.மீ. சக்கரம் வழுக்கித்தான் ஆக வேண்டும். சரி, சக்கரத்தைத் துல்லியமாக 30-க்குக் கடைந்துவிடலாம் என்று எனக்கு வழக்கமாக வேலை செய்துதரும் லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னைக்கு முப்பதுக்குக் கடைஞ்சு தர்றேனுங்க தம்பி. நாலு மாசத்துல தேயுமில்லீங்க? பல்லு தேயாது, சக்கரம் தேயும். அப்ப மறுபடி சண்டைதானுங்களே. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டுனா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.”

அன்றிரவுதான் எக்ஸ் வகுப்பு எஞ்சினின் அமைப்பு எனக்கு உண்மையாகப் புரிந்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் எஸ்.எல்.எம். ஆலை 1914 முதல் இந்த மலைக்கென்று கட்டிய எஞ்சின் அது. நான்கு சிலிண்டர் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கூடுதல் பலத்துக்காக என்று நானே நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது ஒரு சட்டத்துக்குள் இரண்டு எஞ்சின். உயர் அழுத்தச் சிலிண்டர் இரண்டும் சக்கரத்தைச் சுற்றும். அவை விட்ட நீராவி தாழ் அழுத்தச் சிலிண்டர் இரண்டுக்கும் போய் பினியனைச் சுற்றும். பல்தண்டு இல்லாத இடத்தில் பின்னதற்கு வேலையே இல்லை. சக்கரம் தேய்ந்தாலும், மழையில் வழுக்கினாலும், பினியன் தன் வேகத்தில் போகும். நடுவே இருவரையும் கட்டிப்போடும் இரும்பு எதுவும் கிடையாது, நீராவி மட்டும்தான்.

நானும் சட்டத்தைப் பிரித்தேன். சக்கரத்துக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பினியனுக்கு மேலே இன்னொரு ஜோடி, தனித்தனி வால்வு. மலை எஞ்சின் மாதிரி முதல் ஜோடி விட்ட நீராவியை இரண்டாவதற்குக் கொடுத்தும் ஒரு நாள் பார்த்தேன். இந்தச் சின்ன அளவில் நீராவி குழாயிலேயே குளிர்ந்து, இரண்டாவது சிலிண்டருக்குத் தண்ணீராகத்தான் போய்ச் சேர்கிறது. இரண்டுக்கும் பாய்லரிலிருந்து நேராகவே கொடுத்துவிட்டேன். இந்த மாற்றத்துக்கு லேத் கூலியும் பித்தளைக் கம்பியும் சேர்ந்து 2,300 ரூபாய் கூடியது. அந்தக் கரிக்கோடு அதோடு மறைந்தது.

அடுத்தது நுழைவு. எல்லாக் கோளாறும் கூடிய இடம் இதுதான்.

முதலில் பல்தண்டின் முதல் பல்லைச் சமதளம் முடிந்து ஏற்றம் தொடங்கும் மூலையிலேயே வைத்திருந்தேன். எஞ்சின் வரும், முன்சக்கரம் ஏற்றத்தில் ஏறும், பினியன் ‘கட கட கட’ என்று பல்லின் தலைமேல் உருளும், நின்றுவிடும். ஒரு வாரம் பல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு எஞ்சினை அந்த மூலையில் நிறுத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, பினியனுக்கும் தண்டுக்கும் நடுவே பீலர் கேஜை (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. முன்சக்கரம் ஏற்றத்தில், பின்சக்கரம் சமதளத்தில், நடுவில் பினியன் அந்தரத்தில். சக்கர இடைவெளி 110 மி.மீ. அந்த மூலையில் பினியன் 2.3 மி.மீ. மேலே தூக்கப்படுகிறது. பல் பிடிக்கும் ஆழமே 3 மி.மீ.தான். 0.7 மி.மீ. பிடிப்பில் எந்த எஞ்சினும் ஏறாது.

மூலையை எடுத்துவிட்டு வளைவாக மாற்றினேன். தூக்கல் 0.3 மி.மீ.க்கு மேல் போகாமலிருக்க 5 மீட்டர் ஆரம் வேண்டும். அந்த ஆரத்தில் 12-க்கு 1 வரை வளைய 420 மி.மீ. நீளம் பிடிக்கிறது. 12 மி.மீ. பிளைவுட்டின் அடியில் ரம்பத்தால் பாதி ஆழத்துக்கு 25 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, வளைத்து, அடியில் ஆப்பு வைத்துத் திருகினேன். நுழைவைச் சமதளத்துக்கே, வளைவுக்கு ஒரு தண்டு நீளம் முன்னால், நகர்த்தினேன்.

இப்போது பத்துத் தடவையில் ஆறு தடவை நுழைந்தது. மீதி நான்கில் பல்லின் தலையும் பல்லின் தலையும் நேருக்கு நேர் முட்டும். நுழையும் நேரத்தில் பினியனின் பல் எங்கே நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. கல்லாருக்கு அப்பால் மலை ரயில் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. நுழைவுத் தண்டு மற்றவை போல ஸ்லீப்பரில் இறுக்கப்பட்டதல்ல. வில்களின் மேல் கிடக்கிறது. வில்களின் விறைப்பு படிப்படியாகக் கூடிக்கொண்டே போய், கடைசியில் அசையாத தண்டோடு சேர்கிறது. பல் முட்டினால் தண்டு கீழே அமிழ்ந்து வழிவிடும், பினியன் சற்றே நகர்ந்ததும் மேலே எழும்பிப் பள்ளத்தில் உட்காரும்.

படித்ததை அரைகுறையாகச் செய்தேன். 26 பல் தண்டு இரண்டையும் மேல் முனையில் கீல் போட்டு, அடியில் நான்கு பால்பாயிண்ட் பேனா வில்களை வைத்தேன். நான்கும் ஒரே மாதிரி வில். விளைவு, தண்டு முழுவதும் ஊஞ்சல் மாதிரி அமிழ்ந்து, 26 பல் நீளத்துக்கும் பினியன் தலைமேலேயே உருண்டு, கீலை எட்டியதும் ‘டக்’ என்று அசையாத முதல் பல்லில் இடித்தது. முட்டும் இடத்தை 12 செ.மீ. தள்ளி வைத்ததுதான் மிச்சம். ‘படிப்படியாக’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டதற்கு விலை அது.

பிறகு வில்களை நானே சுற்றினேன். 4 மி.மீ. கம்பியின் மேல், எல்லாம் எட்டுச் சுற்று. நுனியில் 0.3 மி.மீ. கம்பி வில், அடுத்தது 0.35, பிறகு 0.45, கீல் அருகே 0.6. நுனியை விரல் நுனியால் தொட்டாலே அமிழும். கீல் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாலும் அசையாது. கூடவே முதல் ஆறு பல்லின் தலையையும் அரத்தால் இறக்கினேன், முதல் பல் 1 மி.மீ., ஆறாவது பல்லில் ஒன்றுமில்லை. இன்னொன்றும் தெரிந்தது: பினியனின் வால்வை நுழைவுக்கு ஒரு சாண் முன்னாலேயே லேசாகத் திறந்து, பினியன் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் சேர்க்கை எளிது. நின்றுகொண்டிருக்கும் பல் முட்டிக்கொள்கிறது. சுற்றும் பல் தன் பள்ளத்தைத் தானே தேடிக்கொள்கிறது.

இருபது தடவை ஓட்டினேன். இருபதும் நுழைந்தது. காதை அருகில் வைத்தால் முதல் மூன்று பல்லில் ‘டிக், டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு ஒரு சீரான உறுமல். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும் வண்டியிலிருந்து இறங்கி, எஞ்சின் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், பல்லில் பிடித்து நிற்கும் எஞ்சின் கிளம்பும்போது இரண்டு மூச்சு ஒன்றோடொன்று சேராமல் வரும். என் மாடியிலும் அந்த இரண்டு மூச்சு கேட்டது. சிறிது நேரம் வால்வை மூடாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

நடுவில் வந்த இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் ஸ்பிரிட் திரியை நிற்கவே விடவில்லை. அடுப்பைச் சுற்றி 0.5 மி.மீ. தகட்டில் பாவாடை கட்டி, அடியில் 5 மி.மீ. துளைகள் பதினாறு போட்ட பிறகுதான் எரிந்தது. பன்னிரண்டு துளை போட்டபோது திரி மூச்சுத் திணறிப் புகைந்தது.

மற்றது, ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் புகைபோக்கியிலிருந்து வெந்நீர் தெறித்தது. பாய்லர் 160 மி.மீ. நீளம். 12-க்கு 1 சாய்வில் இரு முனைக்கும் நடுவே தண்ணீர் மட்டம் 13 மி.மீ. வித்தியாசப்படும். நீராவி எடுக்கும் குழாயை நான் ஓட்டுநர் பக்க முனையில், அதாவது பள்ளத்துப் பக்கம் வைத்திருந்தேன். தண்ணீர் ஏறி நிற்கும் பக்கம் அதுதான். கொதிக்கும் தண்ணீர் நீராவியோடு சேர்ந்தே சிலிண்டருக்குப் போயிருக்கிறது. குழாயை மேட்டுப்பக்கம் மாற்றி, 20 மி.மீ. உயரத்தில் ஒரு கூண்டு வைத்து, பழைய துளையை அடைத்து, மறுபடி 4 கிலோ தண்ணீர்ச் சோதனை. 220 மி.லி. தண்ணீரில் இப்போது இரண்டு தடவை தாராளமாக ஏறுகிறது. மூன்றாவது தடவைக்கு ஆசைப்பட்டு ஓட்டுவதில்லை. மேட்டுப்பக்க முனை காய்ந்துவிடும்.

செலவு மொத்தம் 13,680 ரூபாய். பிளைவுட்டும் அலுமினியத் தண்டவாளமும் அதில் 3,000. முதலிலேயே இரண்டு ஜோடி சிலிண்டர் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 2,000 மிஞ்சியிருக்கும், நான்கு மாதமும் மிஞ்சியிருக்கும். அடுத்ததில் சக்கர இடைவெளியை 110-லிருந்து 80-க்குக் குறைப்பேன். தூக்கல் இடைவெளியின் வர்க்கத்தில் குறைவதால், இதே 0.3 மி.மீ. தூக்கலுக்கு 2.7 மீட்டர் ஆரம் போதும், வளைவும் பாதி நீளத்தில் முடிந்துவிடும். வெட்டும்போதே முதல் ஆறு பல்லின் தலையை வரைபடத்தில் இறக்கிக் கொடுத்துவிடுவேன்.

இறங்குவது இன்னும் சரியாகவில்லை. மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு ஒரு பிரேக்காரர் நிற்பதன் அருமை எனக்கு இப்போது தெரிகிறது. வால்வை மூடி இறக்கிவிட்டால் என் எஞ்சின் கடைசி ஒரு மீட்டரில் ஓட்டமெடுத்து, நுழைவு வில்லில் துள்ளிக் குதிக்கிறது. பினியன் அச்சைச் சுற்றித் தோல் பட்டை ஒன்றைக் கட்டி ஒரு நெம்புகோல் வைத்தேன். இரண்டு தடவை நன்றாகப் பிடித்தது, மூன்றாவது தடவை எண்ணெய் ஏறி வழுக்கிவிட்டது. இப்போது கார்க் ஒட்டிய பித்தளைப் பட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன். அது தயாராகும்வரை, மேலே போய்ச் சேர்ந்த எஞ்சினைத் துணி சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நானே கீழே கொண்டுவந்து வைக்கிறேன்.